கோழித்தொடை கொடுக்கும் மதிப்பெண்: ஏற்புடைமையைப் புரிந்துகொள்ள ஒரு வழி



தமிழாசிரியர்களுக்கான வளப்பக்கத்தில் கோழித்தொடைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்விப் பட்டயப் படிப்பில் மதிப்பீட்டியல் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கு ஏற்புடைமை, நம்பகத்தன்மை என்ற இரண்டு சொற்களும் நினைவிருக்கும். தோற்ற ஏற்புடைமை, உள்ளடக்க ஏற்புடைமை என்று வகை வகையாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருப்போம். அந்தச் சொற்களுக்கு உயிர் வருவதை நான் பார்த்தது கல்வியியல் நூலில் அல்ல, அறுவை சிகிச்சைப் பயிற்சி பற்றிய கட்டுரைகளில்.

பசாரில் வாங்கிய ஒரு கோழித்தொடையில் இளம் மருத்துவர் ஒருவர் இரத்தக்குழாயைத் தைத்துப் பழகுகிறார். அவருக்கு 35க்கு 30 மதிப்பெண் போடுகிறார்கள். அப்படின்னா, நாளைக்கு ஒரு நோயாளியின் கழுத்தில் உள்ள இரத்தக்குழாயைத் தைக்க அவரை அனுமதிக்கலாமா?

நாம் படித்த எல்லா ஏற்புடைமையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். மாணவர்களும் கூடவே வாருங்கள். அறிவியல் செய்தியைத் தமிழில் படித்துப் பழகியவர்களுக்குக் கருத்துணர் பகுதி அவ்வளவு பயமாக இருக்காது.

முதலில், எதைத் தைக்கிறார்கள்?

மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை என்றதும் மூக்கை அழகாக்கிக்கொள்வதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது வேறு. விபத்தில் சிதைந்த கை, தீக்காயத்தால் சுருங்கிப்போன கழுத்து, புற்றுநோய்க்காக வெட்டி எடுக்கப்பட்ட தாடை, பிறவியிலேயே பிளந்திருக்கும் உதடு ஆகியவற்றை மீண்டும் வேலை செய்யும் உறுப்புகளாக ஆக்குவதே மறுசீரமைப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. வாய்ப்புற்றுநோய் கண்ட ஒருவரின் கீழ்த்தாடை எலும்பில் ஒரு பகுதியை அகற்றிவிட்டார்கள். அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள் உண்டு. வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பின் நடுப்பகுதியை எடுத்துவிட்டாலும் மனிதரால் நடக்க முடியும். ஆகவே அந்த எலும்பை அதன் இரத்தக்குழாயோடும் சிறிது தோலோடும் சேர்த்து எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்பத் துண்டாக்கிப் பொருத்துகிறார்கள். இப்படி இரத்தக்குழாயோடு இடம் மாறும் திசுவைத் திசுமடல் என்று சொல்லலாம்.

பொருத்தினால் மட்டும் போதாது. எலும்போடு வந்த தமனியைக் கழுத்தில் உள்ள ஒரு தமனியோடும், சிரையை ஒரு சிரையோடும் தைத்து இணைக்க வேண்டும். அந்தக் குழாயின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். துண்டான விரலை ஒட்டவைப்பதென்றால் ஒரு மில்லிமீட்டர், சில நேரம் அதற்கும் கீழே. நுண்ணோக்கியின் அடியில் வைத்துத்தான் தைக்க முடியும். இந்த வேலைக்குப் பயன்படும் நூல்களில் '10-0' எனக் குறிக்கப்படும் நைலான் நூலின் விட்டம் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டருக்குள் இருக்கும். தலைமுடி இதைவிடத் தடிமன்.

தையல் சரியில்லை என்றால் இணைப்பின் உட்புறத்தில் இரத்தம் உறையும். குழாய் அடைபடும். நேரத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் இடம் மாற்றிய எலும்பும் தோலும் செத்துப்போகும். அந்த நோயாளிக்குக் கால் எலும்பும் போச்சு, தாடையும் கிடைக்கவில்லை. ஒரு மருத்துவர் பழகியாரா பழகவில்லையா என்பதன் விலை இதுதான்.

நம் நாட்டிலேயே இந்தக் கலை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஒரு செய்தி உண்டு. 2000ஆம் ஆண்டு செலாயாங் மருத்துவமனையில், மருத்துவர் வி. பத்மநாதன் தலைமையிலான குழு, பிறந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆன பெண் குழந்தைக்கு, இறந்துவிட்ட அதன் இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தியது. ஒரு மாதக் குழந்தையின் கையை நினைத்துப் பாருங்கள். அதற்குள் ஓடும் தமனி எவ்வளவு சிறியதாக இருந்திருக்கும்!

பழகுவது எங்கே?

"ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்பது அறுவை மருத்துவர்களிடையே நெடுங்காலம் வழங்கிவந்த வாய்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்த "ஒன்றைச் செய்" யார் மேல் நடக்கிறது என்று யோசித்தால்தான் வயிறு கலங்கும்.

உயிரற்ற பொருளில் பழகிவிட்டு மனிதரிடம் வர வேண்டும் என்ற எண்ணம் புதியதல்ல. சமஸ்கிருத மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வெட்டிப் பழகச் சுரைக்காய், வெள்ளரிக்காய். கீறித் திறந்து பழக நீரும் சேறும் நிரப்பிய தோல்பை. இரத்தக்குழாயைக் குத்திப் பழகச் செத்த விலங்கின் நாளமும் தாமரைத் தண்டும். தைத்துப் பழகத் துணியும் மெல்லிய தோலும் என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பொருளை அது சொல்கிறது. கவனியுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பொருளைச் சொல்லவில்லை. இந்த இடத்துக்குப் பிறகு திரும்பி வருவேன்.

இரத்தக்குழாயைத் தைக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்துக் கொடுத்தவர் பிரான்சைச் சேர்ந்த அலெக்சி கேரல். 1912இல் நோபல் பரிசு பெற்றவர். லியோன் நகரில் பூவேலைத் தையல் செய்யும் ஒரு பெண்மணியிடம் அவர் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார் என்பது மருத்துவ வரலாற்றில் பலரும் சொல்லும் செய்தி. 1960இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் ஜூலியஸ் ஜேக்கப்சனும் எர்னஸ்டோ சுவாரஸும் நுண்ணோக்கியை வைத்து, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய்களைத் தைத்துக் காட்டினார்கள். அதே பத்தாண்டில் கலிபோர்னியாவில் ஹாரி பங்கி தன் வீட்டுக் கராஜையே ஆய்வுக்கூடமாக்கி, மருத்துவரான தன் மனைவியின் துணையோடு முயல் காதை வெட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டான விரல்களை மீண்டும் பொருத்தும் சிகிச்சை வளர்ந்ததற்கு இந்த மாதிரி பொறுமைசாலிகள்தான் காரணம்.

அதன் பிறகு பல பத்தாண்டுகளாக நுண் அறுவைப் பயிற்சிக்கு உயிருள்ள எலியே அளவுகோலாக இருந்து வருகிறது. எலியின் தொடைத் தமனி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இரத்தம் ஓடுகிறது, கசிகிறது, உறைகிறது. தைத்தது சரியா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். ஆனால் எலிக்கு மயக்கமருந்து வேண்டும், விலங்குக் கூடம் வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பயிற்சி முடிந்ததும் எலி கொல்லப்படும். கோழி இந்த இடத்தில்தான் வருகிறது. அது ஏற்கெனவே சமையலுக்காக அறுக்கப்பட்டது. விலையும் குறைவு. பன்றியைத் தொடாதவர், மாட்டைத் தொடாதவர் என எல்லா மதத்தாரும் உட்கார்ந்திருக்கும் நம் ஊர் வகுப்பறைக்குக் கோழி பொருத்தம் என்பது என் கருத்து.

தொடையில் உள்ள தசைகளைப் பிரித்தால் தமனி, சிரை, நரம்பு மூன்றும் அருகருகே தெரியும். தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைச் சுற்றியுள்ள சவ்வை மெல்ல நீக்கி, இரண்டு பக்கமும் குட்டிக் கவ்விகளைப் போட்டு, நடுவில் வெட்டி, உள்ளே உப்புநீரால் கழுவ வேண்டும். பிறகு தையல். ஒரு மில்லிமீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய எட்டுத் தையல் வரும். முன்பக்கம் முடிந்ததும் கவ்வியோடு குழாயைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தைப்பார்கள். புதியவர் அடிக்கடி செய்யும் தப்பு, முன்சுவரைத் தைக்கும்போது பின்சுவரையும் சேர்த்து ஊசியில் மாட்டிவிடுவது. கால்சட்டைக் கிழிசலைத் தைக்கும்போது அடிப்பக்கத் துணியும் சேர்ந்து மாட்டிக்கொண்டு, கால் நுழையாமல் போகுமே, அது மாதிரிதான். கால்சட்டையைப் பிரித்துத் தைக்கலாம். இங்கே இரத்தம் ஓடாது.

"அச்சு அசலா இருக்கு" என்றால் போதுமா?

இனி நம் பாடத்துக்கு வருவோம். ஒரு பயிற்சி மாதிரியைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் முதலில் செய்வது, அனுபவமுள்ள மருத்துவர்களிடம் அதைக் கொடுத்துக் கேட்பது. குழாயின் சுவர் உண்மையானது போல இருக்கிறதா? ஊசி நுழையும்போது கையில் அதே உணர்வு வருகிறதா? ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடுங்கள். இதுதான் தோற்ற ஏற்புடைமை. கோழித்தமனி இதில் பெரும்பாலும் நல்ல பெயர் வாங்கிவிடும். உயிர்த்திசு ஆயிற்றே, சிலிக்கான் குழாயைவிட நிச்சயம் மேல்.

ஆனால் தோற்றம் ஏமாற்றும். பார்வைக்கு எஸ்.பி.எம். தாள் போலவே எழுத்துரு, கட்டம், அறிவுறுத்தல் எல்லாம் அமைந்த வினாத்தாள்களைப் புத்தகக்கடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் வினாக்கள் என்ன திறனைக் கேட்கின்றன என்பது வேறு விஷயம்.

அதற்குத்தான் உள்ளடக்க ஏற்புடைமை. ஆசிரியர்களுக்கு ஜே.எஸ்.யு. அட்டவணையை நினைவூட்டினால் போதும். பாடத்திட்டத்தில் உள்ள திறன்கள் எல்லாம் வினாத்தாளில் சரியான அளவில் வந்திருக்கின்றனவா என்று பார்ப்போம் அல்லவா? கோழிக்கும் அப்படி ஓர் அட்டவணை போட்டுப் பாருங்களேன். நுண்ணோக்கியைச் சரிசெய்தல் உண்டு. கருவி பிடித்தல் உண்டு. குழாயைப் பிரித்தெடுத்தல், ஊசி செலுத்துதல், முடிச்சு எல்லாம் உண்டு. இரத்தம் கசிவதைச் சமாளித்தல் இல்லை. தமனி திடீரென இறுகிச் சுருங்குவது இல்லை. இரத்த உறைவு இல்லை. நோயாளி மூச்சுவிடும்போது தைக்கும் இடமே மெல்ல ஏறி இறங்குவது இல்லை. கதிரியக்கச் சிகிச்சையால் விறைத்துப்போன குழாய் இல்லை. நள்ளிரவு இரண்டு மணி இல்லை.

சில ஆய்வுக்கூடங்களில் கோழித்தமனிக்குள் நிறநீரைப் பாய்ச்சி ஓட்டத்தையும் கசிவையும் காட்டுகிறார்கள். நல்ல யோசனைதான். கசிவு தெரியும்; உறைவு தெரியாது. சாயத்தண்ணீர் உறையாதே!

உயரத்தை அளந்தாலும் தேர்ச்சி தெரியும்

அடுத்தது கருத்தமைவு ஏற்புடைமை. இதை அறுவைப் பயிற்சி ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வழியில் நிரூபிக்கப் பார்க்கின்றன. மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், மூத்த நிபுணர்கள் என்று மூன்று குழுக்களையும் கோழித்தொடையில் தைக்கச் சொல்வார்கள். நிபுணர்கள் வேகமாகவும் குறைவான கையசைவோடும் நேர்த்தியாகவும் தைப்பார்கள். மாணவர்கள் தடுமாறுவார்கள். குழுக்களுக்கிடையே வேறுபாடு புள்ளியியல்படி தெளிவாக இருக்கிறது. ஆகவே இந்த மாதிரி சரிபார்க்கப்பட்டது என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. துறைக்குள்ளேயே பலரும் இதே குறையைச் சொல்கிறார்கள். ஒரு நாடா எடுத்துக்கொண்டு படிவம் 1 மாணவர்களின் உயரத்தையும் படிவம் 5 மாணவர்களின் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு கிடைக்கும். படிவம் 5 மாணவர்களுக்குத் தமிழ்த்திறனும் கூடுதல். அதற்காக உயரத்தை அளக்கும் நாடா தமிழ்த்திறனை அளக்கும் கருவி ஆகிவிடுமா? நிபுணருக்கும் புதியவருக்கும் இடையே வேறுபடும் விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அளந்துவிட்டோம் என்பதால், நமக்கு வேண்டியதை அளந்துவிட்டோம் என்று ஆகாது.

வேறுபாடு தெரியவே இல்லை என்றால் அந்தக் கருவி பயனற்றது என்று தைரியமாகச் சொல்லலாம். தெரிந்தது என்றால், இன்னும் கேள்வி கேட்கலாம் என்று மட்டுமே சொல்ல முடியும். உண்மையான சோதனை, ஏறக்குறைய ஒரே அனுபவமுள்ள இருவரில் யார் தேறினவர் என்று கருவி பிரித்துக் காட்டுகிறதா என்பது. பள்ளியிலும் அப்படித்தானே? எங்கள் படிவம் 5 வகுப்பில் யார் யாருக்கு உதவி தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் நான் சோதனை வைக்கிறேன். படிவம் 1 பிள்ளைகளைவிட அவர்கள் கெட்டிக்காரர்களா என்று பார்ப்பதற்கல்ல.

35 மதிப்பெண் எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் 35க்கு 30 என்றேன். அது 1990களில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான ஓர் அளவுகோல். அறுவைத் திறனுக்கான புறவயக் கட்டமைப்பு மதிப்பீடு என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். ஏழு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. திசுவை மதித்துக் கையாளுதல், நேரமும் அசைவும், கருவியைக் கையாளும் விதம், கருவிகள் பற்றிய அறிவு, உதவியாளரைப் பயன்படுத்துதல், அறுவையின் ஓட்டமும் முன்திட்டமும், அந்தச் சிகிச்சை பற்றிய அறிவு.

ஐந்தாவது அம்சத்தைப் பாருங்கள். கோழித்தொடையின் முன் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு ஏது உதவியாளர்? அங்கே எந்த மதிப்பெண்ணைப் போட்டாலும் அது கற்பனைதான். அந்த அம்சத்தை எடுத்துவிட்டால் மொத்தம் 30 ஆகிவிடும். இன்னொரு சூழலில் செய்த கருவியை அப்படியே தூக்கி வந்தால் இப்படி ஓர் ஓட்டை இருக்கும்.

இந்த ஏழம்ச அளவுகோலோடு "இதைச் செய்தாரா, ஆம் அல்லது இல்லை" என்ற சரிபார்ப்புப் பட்டியலையும் அவர்கள் வைத்திருந்தார்கள். பட்டியல்தான் நடுநிலையானது, முழுமைநோக்கில் போடும் மதிப்பெண்ணில் மதிப்பீட்டாளரின் விருப்பு வெறுப்பு கலந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1998இல் அதே குழு வெளியிட்ட ஒப்பீட்டில் முடிவு மாறி வந்தது. தேர்ந்த மதிப்பீட்டாளர்கள் கையில் முழுமைநோக்கு அளவுகோல்தான் நம்பகத்தன்மையிலும் ஏற்புடைமையிலும் மேலாக நின்றது.

கட்டுரை திருத்தும் ஆசிரியர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. முன்னுரை உண்டா, பழமொழி உண்டா, மூன்று கருத்துகள் உண்டா, முடிவுரை உண்டா என்று பட்டியல் போட்டால், மனப்பாடம் செய்த சட்டகத்தில் எதையோ நிரப்பிய மாணவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். சொல்ல வந்ததைச் சொந்தமாகச் சொன்ன மாணவர் ஒரு பழமொழி எழுதாததால் இறங்கிவிடுவார். மாணவர்களே, இதைச் சாக்காக வைத்துக்கொண்டு பழமொழியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

"தேர்ந்த" என்ற சொல்லில்தான் பாரம் இருக்கிறது. ஆகவே நல்ல ஆய்வுகளில் தைப்பவரின் கைகளை மட்டும் காணொளியாக எடுத்து, யார் கை என்று தெரியாத இரண்டு நிபுணர்களிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். இருவர் போட்ட மதிப்பெண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நம்பகத்தன்மை. அது ஒத்துப்போகவில்லை என்றால் ஏற்புடைமையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எழுதும் விதத்தைப் பார்ப்பதா, எழுதி முடித்த தாளைப் பார்ப்பதா என்ற கேள்வியும் இங்கே உண்டு. 2016இல் வெளிவந்த ஓர் அளவுகோல் முடிந்த தையலை மட்டுமே பார்க்கிறது. தைத்து முடித்த குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து, உட்புறத்தைப் படம் எடுத்து, பத்து வகைத் தவறுகளில் எவை எத்தனை இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். பின்சுவரைச் சேர்த்துத் தைத்தது, தையல்களுக்கிடையே இடைவெளி கூடிப்போனது போன்றவை. கை எவ்வளவு அழகாக ஆடியது என்பது இரத்தத்துக்குத் தெரியாது. உட்சுவர் வழவழப்பாக இருக்கிறதா என்பதுதான் அதற்குத் தெரியும். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. உயிருள்ள நோயாளியிடம் இதைச் செய்யவே முடியாது என்பதால், கோழி மனிதரைவிட நல்ல மாதிரியாக இருக்கும் ஒரே இடமும் இதுதான்.

கோழியிலிருந்து நோயாளிக்கு

மிச்சமிருப்பது முன்கணிப்பு ஏற்புடைமை. கோழியில் நன்றாகத் தைத்தவர் பிறகு நோயாளியிடமும் நன்றாகத் தைக்கிறாரா? எல்லோருக்கும் தேவையான விடை இது. ஆனால் ஆய்வுகள் அதிகம் எட்டாத இடமும் இதுவே. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒரு திசுமடல் பிழைப்பதும் சாவதும் ஒருவர் கையில் மட்டும் இல்லை. நோயாளியின் வயது, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், பக்கத்தில் நின்ற மூத்த மருத்துவர் எல்லாம் சேர்கிறது. தேறாதவரையும் தைக்கவிட்டுப் பார்ப்போம் என்று சோதிக்கவும் முடியாது.

அதனால் இடைப்படி ஒன்றை எடுக்கிறார்கள். 2004இல் டொராண்டோவில் 50 இளம் பயிற்சி மருத்துவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு உயிருள்ள எலியின் விந்துக்குழாயிலும், இன்னொரு குழு வெறும் சிலிக்கான் குழாயிலும் பழகியது. மூன்றாவது குழுவுக்குப் பாடம் மட்டும். கையால் பழகிய இரண்டு குழுக்களும் பாடம் மட்டும் கேட்டவர்களைவிடத் திறன் மதிப்பீட்டில் மேலாக இருந்தன. ஆய்வாளர்களின் முடிவு: புதியவர்களுக்கு மலிவான சிலிக்கான் குழாயும் உயிருள்ள எலி அளவுக்கே பயன் தரும்.

"அப்போ கோழியும் வேண்டாம், எலியும் வேண்டாம், ரப்பர் குழாயே போதும்" என்று இதைப் படிப்பது தவறு. "புதியவர்களுக்கு" என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள். முடிச்சுப் போடவே தெரியாதவருக்கு எதுவும் உதவும். ஐந்தாண்டு அனுபவமுள்ளவருக்குச் சிலிக்கான் குழாய் எதையும் கற்றுத்தராது. கருத்துணர் வினாக்களில் ஒற்றைச் சொல்லை விட்டு மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

1989இல் சாமுவேல் மெசிக் என்ற அமெரிக்க அளவீட்டு அறிஞர் ஏற்புடைமையைப் பற்றிய பார்வையையே மாற்றினார். ஏற்புடைமை கருவியின் குணம் அல்ல; கருவி தரும் மதிப்பெண்ணுக்கு நாம் கொடுக்கும் பொருளின் குணம், அந்தப் பொருளை வைத்து எடுக்கும் முடிவின் குணம் என்றார். அவர் பேசியது கல்வித் தேர்வுகளைப் பற்றி. மருத்துவக் கல்வி அதைப் பிறகு எடுத்துக்கொண்டது. இந்தப் பார்வையில் "கோழித்தொடை ஏற்புடையதா?" என்ற கேள்விக்கு விடையே கிடையாது. "கோழித்தொடையில் 30 வாங்கியவர் எலிக்கு முன்னேறலாம்" என்பது ஒரு கூற்று. அதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. "மூத்தவர் பக்கத்தில் நிற்க, ஒரு சிரையைத் தைக்கலாம்" என்பது இன்னொரு கூற்று; அதற்குக் கூடுதல் சான்று வேண்டும். "தனியாகத் தாடை மறுசீரமைப்பு செய்யலாம்" என்று கோழியை மட்டும் வைத்துச் சொன்னால் அதற்குச் சான்றே இல்லை. தொடை அதேதான், மதிப்பெண் அதேதான். முடிவு மாற மாற ஏற்புடைமையும் மாறுகிறது. அரையாண்டுச் சோதனை மதிப்பெண்ணை மாணவருக்கு உதவவும் பயன்படுத்தலாம், அவரைப் பின்வரிசை வகுப்புக்குத் தள்ளவும் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் ஒரே அளவு சான்று போதாது.

பன்றிக்கால், எலி, சட்டம்

எந்தத் திறனுக்கு எந்த மாதிரி என்பதைச் சுஸ்ருதர் பேச்சில் விட்டுவந்தேன். சுருங்கிய தழும்பை நீட்டிக்க 'இசட்' வடிவத்தில் கீறி இரண்டு முக்கோணத் தோல்துண்டுகளை இடம் மாற்றும் முறை ஒன்று உண்டு. கோணம் 60 பாகை என்றால் கணக்குப்படி நீளம் 75 விழுக்காடு கூடும். ஒரு சென்டிமீட்டர் ஒன்றே முக்கால் ஆகும். உண்மையான தோலில் இவ்வளவு கிடைக்காது. இதைத் துணியிலேயே வெட்டிப் பார்க்கலாம். துணி கணிதத்தைக் கற்றுத்தரும். பன்றிக்காலின் தோல் விறைப்பையும் இழுவையையும் கற்றுத்தரும். முக்கோணத்தின் நுனிக்கு இரத்தம் போய்ச் சேருமா என்பதை இரண்டும் கற்றுத்தராது.

உயிருள்ள விலங்கைத் தொடாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதே இப்போதைய விவாதம். பிரிட்டன் 1876இலேயே கைத்திறன் பழகுவதற்காக உயிருள்ள விலங்கை அறுப்பதைச் சட்டத்தால் தடுத்தது. 1986இல் வந்த புதிய சட்டம் நுண் அறுவைப் பயிற்சிக்கு விதிவிலக்கு கொடுத்தது. வேறு வழியில்லை என்று அப்போது நினைத்தார்கள். இடையில் 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிய நூல் மூன்று கொள்கைகளை முன்வைத்தது: விலங்குக்குப் பதில் வேறொன்று, தவிர்க்க முடியாவிட்டால் எண்ணிக்கையில் குறைவு, வேதனையில் குறைவு. கோழித்தொடையை ஆதரிப்பவர்கள் முதலிரண்டையும் காட்டுகிறார்கள். முதல் ஐம்பது தையல்களைக் கோழியில் முடித்துவிட்டு வந்தால் எலிகள் எத்தனையோ மிஞ்சும் அல்லவா?

மாணவர்களுக்கு ஒரு பணி. "நுண் அறுவைப் பயிற்சியில் உயிருள்ள விலங்குகளை முற்றாகக் கைவிடலாம்" என்பது தலைப்பு. ஒட்டியோ வெட்டியோ 350 சொற்களில் எழுதுங்கள். நீங்கள் காட்டும் ஒவ்வொரு சான்றுக்கும் பக்கத்தில், அது யாருக்கு, எந்தத் திறனுக்கு, எந்த முடிவுக்குப் பொருந்தும் என்று ஒரு வரி சேருங்கள். ஆசிரியர்கள் இதைத் திருத்தும்போது ஒரு முறை சரிபார்ப்புப் பட்டியலோடும், சில நாள் கழித்து இன்னொரு முறை முழுமைநோக்கிலும் மதிப்பெண் போட்டு, இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஐந்து இடங்களில் யார் யார் மாறுகிறார்கள் என்பதை வகுப்பிலேயே பேசலாம்.